வெட்டாத கத்தியின் விலை

ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில், ஒரே எஃகினால் செய்யப்பெற்ற இரண்டு மடக்குக் கத்திகள் நம்முன் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று ஓர் உழவனின் சட்டைப் பையில் நாற்பது ஆண்டுகள் கிடந்தது. கயிறு அறுத்தது; கனி நறுக்கியது; பிள்ளைகளுக்கு மரப்பொம்மை செதுக்கிற்று; காலில் தைத்த முள்ளைக் கெல்லி எடுத்தது. பலநூறு முறை சாணைக்கல்லில் தேய்ந்து, அதன் அலகு பாதியாய்க் குறைந்துபோயிற்று. மற்றொன்று விற்ற நாளிலேயே பெட்டிக்குள் புகுந்தது. அது ஒரு நூலையும் அறுத்ததில்லை. தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த மெருகு இன்றும் அதன் அலகில் அப்படியே இருக்கின்றது.

இவ்விரண்டில் விலை மிக்கது எது? பழங்கத்தி சேர்ப்போரின் சந்தையில் இதற்கு ஒரே விடைதான் உண்டு. பெட்டிக்குள் உறங்கிய கத்திக்கே விலை. உழைத்த கத்தியின் பன்மடங்கு அதற்குக் கிடைக்கும். உழைத்த கத்தியை ஏறிட்டுப் பார்ப்பாரும் அங்கே அரியர்.

இச்செய்தி என் நெஞ்சை நெடுநாள் உறுத்தியது. கத்தி என்பது வெட்டுவதற்கென்றே பிறந்த பொருள். தன் கடமையைச் செய்தது மதிப்பிழக்கின்றது. செய்யாதது மதிப்புப் பெறுகின்றது. இது முறையா? அன்றி, நாம் காணத் தவறிய நியாயம் ஏதேனும் இதனுள் மறைந்திருக்கின்றதா? சினமும் கேலியும் இன்றி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழைய மடக்குக் கத்திகளையும், அவற்றைச் சேர்ப்போரையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். ஏன் எனின், பொன்னும் மணியும் சேர்ப்பவன் மனத்தை விளங்கிக்கொள்வது எளிது. ஏழையின் பையில் கிடந்த மலிவான பொருளைத் தேடித் தேடிச் சேர்ப்பவனின் மனத்தை அறிந்தாலன்றோ பற்று என்பது எங்கிருந்து முளைக்கின்றது என்பது தெளியும்?

கத்தி பிறந்த கதை

இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு ஒரு சிறு கத்தி வேண்டியிருந்தது. அதனால் அதற்குப் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது. இறகுப் பேனா ஒழிந்து நூறாண்டுக்கு மேலாகியும் அப்பெயர் மட்டும் நம் நாட்டிலும் நிலைத்துவிட்டது. இச்சிறு கத்திகளுக்குத் தாயகமாய் விளங்கியது இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரம். 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அமெரிக்கர் தம் பையில் வைத்திருந்த கத்திகள் பெரும்பாலும் அந்நகரத்திலிருந்து கப்பலேறி வந்தவையே.

பின்னர் அமெரிக்கர் தாமே செய்யத் தலைப்பட்டனர். 1834இல் ஜான் ரஸ்ஸல் என்பார் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரீன்பீல்டில் கத்தித் தொழிலைத் தொடங்கினார். 1840களில் கனெக்டிகட் மாநிலத்து லேக்வில் என்னும் ஊரில் ஹாலி கம்பெனி மடக்குக் கத்திகளைச் செய்யலாயிற்று. 1852இல் ஷெப்பீல்டிலிருந்து வந்த தொழிலாளர் கூடி நியூயார்க் கத்திக் கம்பெனியை நிறுவினர். அது 1856இல் வால்கில் ஆற்றங்கரையிலுள்ள வால்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அவ்வூரில் மேலும் கத்திச் சாலைகள் எழுந்தன. குட்டி ஷெப்பீல்டு என்றே அவ்வூரை அழைத்தனர்.

1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டம் வெளிநாட்டுக் கத்திகள்மீது வரியைப் பெரிதும் உயர்த்திற்று. ஷெப்பீல்டு வாணிகம் தளர்ந்தது; அமெரிக்கச் சாலைகள் பெருகின. பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்போர்டு நகரில் 1905 முதல் கேஸ் கம்பெனி இயங்கலாயிற்று. முதல் உலகப் போர் முடிந்தபின் துப்பாக்கிக்கு வேலை குறையவே, துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் கம்பெனி 1920இல் மடக்குக் கத்தித் தொழிலில் இறங்கியது. மற்றொரு துப்பாக்கிக் கம்பெனியாகிய வின்செஸ்டரும் அவ்வாறே செய்தது. உயிர் பறிக்கும் கருவி செய்த கைகள் ஆப்பிள் நறுக்கும் கருவி செய்யப் புகுந்தன என்று எண்ணி மகிழலாம். ஆயினும் அவற்றை அவ்வழிக்குத் திருப்பியது கருணையன்று, கணக்கேடுதான் என்பதையும் மறத்தலாகாது.

அக்காலத்து அமெரிக்கச் சிறுவனுக்கு ஒரு மடக்குக் கத்தி கிடைப்பதென்பது வாழ்வில் ஒரு பெருநாள். மார்க் ட்வெயின் 1876இல் வெளியிட்ட டாம் சாயர் கதையில், பாடம் மனப்பாடம் செய்த சிறுவனுக்குப் பரிசாகக் கிடைப்பது பார்லோ என்னும் வகைக் கத்தி. அதன் விலை பன்னிரண்டரைக் காசு. பார்லோ என்பது முன்புறத்தே நீண்ட இரும்புப் பூணும், எலும்புப் பிடியும் உடைய எளிய கத்தி. கால்நடை வளர்ப்போன் கையில் மூன்று அலகுக் கத்தி இருந்தது. வேடனிடம் இரண்டு நீண்ட அலகுகள் உடையது இருந்தது. அலுவலகத்தில் இருப்போர் சட்டைப் பைக்கேற்ற சிறிய பேனாக்கத்தியை விரும்பினர். தொழிலுக்குத் தொழில் வடிவம் வேறுபட்டது. ஆனால் கத்தி இல்லாத பை அரிதாயிருந்தது.

இன்று அச்சாலைகளுட் பல இல்லை. வால்டனிலிருந்த நியூயார்க் கத்திக் கம்பெனி 1931இல் மூடப்பட்டது. ரெமிங்டன் 1940இல் இத்தொழிலைக் கைவிட்டது. எல்லன்வில் ஊரிலிருந்த பெரிய சாலையாகிய இம்பீரியல் ஷ்ரேடு 2004இலும், கமில்லஸ் 2007இலும் கதவடைத்தன. கேஸ் கம்பெனி மட்டும் பிராட்போர்டில் இன்றும் கத்தி செய்கின்றது. சாலை போயிற்று, கத்தி எஞ்சியது. எஞ்சியதைத் தேடும் கூட்டம் பெருகிற்று.

சேர்ப்போர் கணக்கு

சேர்ப்பவன் ஒரு கத்தியைக் கையில் எடுத்தவுடன் என்ன செய்கின்றான்? அலகைத் திறந்து, அதன் அடியில் குத்தப்பட்ட முத்திரையைப் படிக்கின்றான். அம்முத்திரையே அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ். கேஸ் கம்பெனியின் கத்தியாயின் முத்திரையைக் கொண்டே காலத்தைக் கூறிவிடுவான். 1940 முதல் 1964 வரை ஒருவகை முத்திரை. 1965 முதல் 1969 வரை அதன்கீழ் நாட்டின் பெயரும் சேர்ந்தது. 1970இல் அதன்கீழ்ப் பத்துப் புள்ளிகள் இட்டனர். ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தனர். 1979இல் ஒரே ஒரு புள்ளி எஞ்சியது.

அடுத்து அவன் அலகைத் திறந்து மூடிப் பார்ப்பான். திறக்கும்போது அலகு தளராமலும் சிக்காமலும் செல்லவேண்டும்; மூடும்போது முதுகு வில் தெறித்து ஓசை எழவேண்டும். நடையும் பேச்சும் என்று இதனை அவர்கள் வழங்குவர். பின்னர்க் கத்தியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, வில்லுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே ஒளி புகுகின்றதா என்று நோக்குவான். புகவில்லையெனின் செய்தவன் கைதேர்ந்தவன். எலும்புப் பிடியில் கீறல் உண்டா, பூணில் நசுங்கல் உண்டா, அலகு முழுமையாய் இருக்கின்றதா என்பன பிறகு. இறுதியாகவே விலை பேசப்படும்.

இதனைக் கேட்டு நகைப்பது எளிது. ஒரு புள்ளி கூடினால் ஒரு விலை, குறைந்தால் ஒரு விலை என்பது குழந்தை விளையாட்டாய்த் தோன்றும். ஆயினும் நகைக்குமுன் நம் நாட்டு நாணயம் சேர்ப்போரையும், அஞ்சல் தலை சேர்ப்போரையும், பழைய ஏட்டுச்சுவடிக்கு அலைவோரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுதல் நன்று.

பயனே மதிப்பு என்னும் வழக்கு

இனி வழக்கிற்கு வருவோம். முதலில் எழுபவர் பயனே மதிப்பு என்பவர். அவர் கூற்று இது: பொருளின் அறம் அதன் பயன். சோற்றுக்கு உதவாத நெல்லும், தாகத்திற்கு உதவாத நீரும் வீண். அதுபோல வெட்டாத கத்தி வீண். அதனைப் பெட்டியில் இட்டுப் பூட்டுபவன், தானும் உண்ணாமல் பிறர்க்கும் ஈயாமல் நெல்லைப் பதுக்கும் கருமியின் உடன்பிறப்பு.

இவ்வழக்கில் வலிமை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. நெல்லைப் பதுக்கினால் ஒருவன் பசித்திருப்பான். 1925ஆம் ஆண்டுக் கத்தி ஒன்றைப் பெட்டியில் வைத்தால் எவனும் கயிறு அறுக்க இயலாமல் வாடப் போவதில்லை. நல்ல புதுக்கத்தி எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆதலின் கருமி என்னும் பெயர் அப்படியே பொருந்தாது.

இதனினும் ஆழ்ந்த மறுமொழி ஒன்று உண்டு. பழைய கத்தி நமக்கு இருவரைப் பற்றிச் சொல்கின்றது. தேய்ந்த கத்தி, அதனை வைத்திருந்தவன் எப்படி வாழ்ந்தான் என்று சொல்கின்றது. தேயாத கத்தியோ, அதனைச் செய்தவன் எப்படி உழைத்தான் என்று சொல்கின்றது. அலகின் முழுவடிவம் யாது, மெருகு எத்தகையது, எலும்புப் பிடியில் இட்ட செதுக்கு எவ்வளவு ஆழம், மூன்று அலகுகள் ஒன்றன்மேல் ஒன்று உராயாமல் எவ்வாறு அடங்கின என்பனவெல்லாம் தேய்ந்த கத்தியில் அழிந்துபோகின்றன. வால்டன் ஊரின் தொழிலாளி பெயரை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை. அவன் கைத்திறனுக்கு எஞ்சியுள்ள சாட்சி வெட்டாத கத்தி ஒன்றே. அதனைக் காப்பவன், தான் அறிந்தோ அறியாமலோ, பெயர் தெரியாத ஒரு தொழிலாளிக்கு நினைவுச்சின்னம் காக்கின்றான்.

ஆகவே வெட்டாத கத்திக்கு மதிப்பு இருத்தல் முறையற்றதன்று. இதனை நான் ஒப்புக்கொள்கின்றேன். தொடக்கத்தில் நான் இதனை எண்ணவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன்.

ஆனால், தேய்ந்த கத்திக்கு மதிப்பு இல்லை என்பது அதிலிருந்து பெறப்படுமா? பெறப்படாது. இங்கேதான் சந்தை வழுக்கி விழுகின்றது. அரிதாய் இருப்பதற்குச் சந்தை விலை இடும். அது அதன் இயல்பு. விலை உயர்ந்தது என்பதாலேயே மேலானது என்று மனம் முடிவு கட்டுகின்றது. அது மனத்தின் மயக்கம்.

சாணை கேட்கும் கூலி

கூர்மை என்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். வெட்டாத கத்தியும் கூரியது. நாற்பது ஆண்டு வெட்டிய கத்தியும், உடையவன் நல்லவனாயின், கூரியது. இரண்டு கூர்மையும் ஒன்றா? முன்னது தொழிற்சாலை தந்தது. அதற்காக அக்கத்தி எதனையும் இழக்கவில்லை. பின்னதோ ஒவ்வொரு முறையும் மழுங்கி, ஒவ்வொரு முறையும் கல்லில் தன் எஃகைச் சிறிது இழந்து, மீட்டுக்கொண்ட கூர்மை. சாணைக்கல் கூலியின்றிக் கூர்மை தருவதில்லை. அது கேட்கும் கூலி கத்தியின் உடம்பு.

மாந்தர் ஒழுக்கத்திலும் இவ்விரு வகை உண்டு. சினம் மூட்டுவார் எவரும் இல்லாத அறையில் இருந்து ஒருவன் சினமற்றவன் எனப் பெயர் பெறலாம். அது பெட்டிக்குள் இருந்த கத்தியின் பளபளப்பு. மற்றொருவன் சந்தையிலும் குடும்பத்திலும் தொழிற்கூடத்திலும் நாள்தோறும் சினம் கொண்டு, நாள்தோறும் நாணி, நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கின்றான். அவன் முகத்தில் சுருக்கம் உண்டு. பழைய தழும்பும் உண்டு. பார்வைக்கு முன்னவன் தூயவன். ஆயினும் நாளை ஒரு கடுஞ்சொல் வந்து விழுமாயின், அதனைத் தாங்க வல்லவன் யார் என்பதை நீங்களே கூறுங்கள்.

உழைத்துத் தேய்ந்த மனிதனை உலகம் எவ்வாறு நடத்துகின்றது என்பதையும் இங்கே நினைக்கவேண்டியுள்ளது. கைவிரல் வளைந்து, கண் மங்கி, முதுகு கூனியவனைக் கண்டு இவன் இனி எதற்கு என்று கேட்பவர் உளர். அவன் எதற்காகத் தேய்ந்தான் என்று கேட்பவர் குறைவு. கத்தியின் விலையில் நாம் பிழை செய்தால் ஓர் உலோகத் துண்டுக்குக் கேடில்லை. அப்பிழையே பழகி மனித விலையில் வந்து சேருமாயின் கேடு பெரிது.

பெட்டிக்குள் பிறக்கும் நஞ்சு

இனி, காப்பதிலேயே உள்ள இடர் ஒன்றைக் கூறுவேன். பழைய கத்திகள் பலவற்றின் பிடி செல்லுலாயிடு என்னும் பொருளால் ஆனது. பஞ்சின் நாரை நைட்ரிக் அமிலத்தால் மாற்றி, கற்பூரம் சேர்த்துச் செய்த பண்டம் அது. 1870ஐ ஒட்டி அமெரிக்காவில் பெருகத் தொடங்கிய அப்பண்டம், தந்தம்போலவும், ஆமையோடுபோலவும், முத்துச்சிப்பிபோலவும் தோன்றும், விலையோ மலிவு. வண்ண வண்ணமாய்க் கண்ணைக் கவரும்.

அப்பண்டம் முதுமை அடையும்போது தானே சிதையத் தொடங்குகின்றது. சிதையும்போது அமிலப் புகை கசிகின்றது. அப்புகை முதலில் தன் அலகையே துருப்பிடிக்கச் செய்யும். காற்றோட்டம் இல்லாத பெட்டியாயின், அருகிலுள்ள நல்ல கத்திகளையும் அரிக்கும். நாளும் எடுத்துப் பயன்படுத்தும் கத்தியின் பிடியும் ஒருநாள் சிதையலாம். ஆனால் அதனைக் கை உடனே உணரும், கண் உடனே காணும். பெட்டிக்குள் இருப்பதை எவர் காண்பார்? பத்தாண்டு கழித்துத் திறந்தவன், ஒரு கத்தி கெட்டதால் ஒரு பெட்டியே கெட்டுக் கிடப்பதைக் கண்டு தலையில் கைவைத்துக்கொள்கின்றான். இதனை அறிந்த சேகரிப்போர் செல்லுலாயிடு பிடியுள்ளவற்றைத் தனியே பிரித்து, காற்றுப்பட வைத்து, அடிக்கடி எடுத்துப் பார்க்கின்றனர்.

இதற்கு விரிவுரை வேண்டா. மூடி வைத்தால் மாறாதிருக்கும் என்று நாம் நம்பும் பொருளும் மூடிய இடத்திலேயே மாறிக்கொண்டிருக்கின்றது. நிலையாமையைப் பூட்டி வைக்கும் பூட்டு எந்தக் கடையிலும் இல்லை.

பிடி மாறிய கத்தி

இனி மெய்ம்மை பற்றிய வினா ஒன்று. பாட்டன் கத்தியின் பிடி உடைந்தது. தந்தை புதுப்பிடி இட்டான். பின் அலகு ஒடிந்தது. மகன் புது அலகு இட்டான். இப்போது அது பாட்டன் கத்தியா? பல நாடுகளிலும் வழங்கும் பழைய புதிர் இது. மிலிந்தன் என்னும் யவன மன்னனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி விளக்கியதை நம் அன்பர் அறிவர். சக்கரம் தேர் அன்று. அச்சு தேர் அன்று. உறுப்புகள் கூடிய கூட்டத்திற்கே தேர் என்று பெயர். அந்நெறியிற் பார்த்தால், கத்தி என்பதும் அலகும் வில்லும் தகடும் பிடியும் ஆணியும் கூடிய கூட்டத்திற்கு இட்ட பெயரே. அதனுள் மாறாத கத்தித்தன்மை என ஒன்று ஒளிந்திருக்கவில்லை. ஆதலின் பாட்டன் கத்தி தானா என்னும் வினாவிற்குப் பெயரளவில் ஆம் என்னலாம். உறுப்பளவில் அன்று என்னலாம்.

ஆனால் சந்தையில் நிகழ்வது வேறு. விலை மிகுந்தவுடன் சூதும் புகுந்தது. பழைய அலகை ஒரு கத்தியிலிருந்தும், பிடியை மற்றொன்றிலிருந்தும் எடுத்துப் பொருத்தி, முழுப் பழங்கத்தி என்று விற்பர். அலகின் அடியில் பழைய கம்பெனியின் முத்திரையைப் புதிதாய்க் குத்துவர். தேய்ந்த அலகை மெருகுச் சக்கரத்தில் இட்டு, வெட்டாதது போல் பளபளக்கச் செய்வர். புதிய எலும்பைச் சாயத்தில் ஊறவைத்து முதுமை ஏற்றுவர். இவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு திரிகின்றனர்.

இங்கே சிலர் ஒரு குதர்க்கம் பேசலாம். எல்லாம் கூட்டமே, எதற்கும் மெய்யான தன்மை இல்லையெனில், ஒட்டுக்கத்தியைப் பழங்கத்தி என்று விற்பதில் குற்றம் என்ன என்பர். இக்குதர்க்கத்தை வேரோடு களைதல் வேண்டும். குற்றம் உறுப்பு மாறியதில் இல்லை. மாறியதை மறைத்ததில் உள்ளது. பிடி மாற்றிய மகன், என் பாட்டன் கத்தி, பிடியை என் தந்தை மாற்றினார் என்று சொல்வானாயின், அக்கத்திக்கு ஓர் இழுக்கும் இல்லை. அதன் வரலாறு ஒரு வரி நீண்டது, அவ்வளவே. அதையே வாய் திறவாது விற்பவன் பொய்யன். பொருளுக்கு மாறாத தன்மை இல்லை என்னும் உண்மை, சொல்லுக்கு வாய்மை வேண்டா என்று கூறும் உரிமையைத் தராது. எல்லாம் மாறுவதனாலேயே எது எப்போது மாறியது என்று உள்ளபடி உரைப்பது நம் கடமையாகின்றது.

பிடிக்குள் இருக்கும் உயிர்கள்

கத்தியின் பிடியைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். அமெரிக்கக் கத்திகளில் உயர்ந்த பிடி எனப்படுவது மான்கொம்புப் பிடி. அக்கொம்பு அமெரிக்க மானினது என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் அன்று. அது நம் இந்தியக் காடுகளில் திரியும் கடமானின் கொம்பு. உள்ளே கெட்டியாகவும், வெளியே வரிவரியாகவும் இருத்தலின் கத்தித் தொழிலாளர் அதனையே விரும்பினர். நம் காட்டில் வளர்ந்த கொம்பு கப்பலேறிச் சென்று, அயல்நாட்டான் கைக்குள் அடங்கியது.

ஆண் கடமான் தன் கொம்பைத் தானே உதிர்க்கும். பின்னர் அது மீண்டும் முளைக்கும். எத்துணை அழகிய இயல்பு! தலையில் சுமந்த பெருமையை, காலம் வந்தவுடன், வருத்தமின்றித் தரையில் விட்டுச் செல்கின்றது அவ்விலங்கு. அதனைப் பொறுக்கி எடுத்துப் பிடி செய்தால் எவ்வுயிர்க்கும் தீங்கில்லை. ஆனால் கொம்புக்கு விலை ஏறிய பின், அது தானே உதிரும்வரை காத்திருக்கும் பொறுமை எல்லாருக்கும் வருமா? உதிர்ந்த கொம்பு எது, கொன்று எடுத்த கொம்பு எது என்று கப்பலில் ஏறிய பின் யார் பிரித்தறிவார்? இந்திய அரசு இக்கொம்பின் ஏற்றுமதியைப் பின்னர் முற்றிலும் தடை செய்தது. தடை வந்ததால் பழைய கொம்புப் பிடிகளின் விலை மேலும் ஏறிற்று என்பது இவ்வுலக வாணிகத்தின் வினோதம்.

கொம்பு மட்டுமன்று, கத்திக்குள் மனித மூச்சும் உண்டு. மணற்கல் சாணை சுழன்ற இடங்களிலெல்லாம் நுண்ணிய கல்தூசி பறந்தது. அதனைச் சுவாசித்த சாணைத் தொழிலாளர் நுரையீரல் இறுகி இளமையில் மாண்டனர். ஷெப்பீல்டு மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனை எழுதி வைத்தனர். உலர்ந்த கல்லில் தீட்டியவர்க்கு இடர் மிகுதி; நீர் ஊற்றித் தீட்டியவர்க்குச் சற்றுக் குறைவு. பஞ்சுத் தூசியில் பல்லாண்டு நின்றவன் நான். ஆதலின் இச்செய்தியை என்னால் விரைந்து கடக்க இயலவில்லை. வெட்டாத கத்தியின் மெருகைக் கண்டு வியப்பவர், அம்மெருகை ஏற்றியவன் இருமலையும் ஒருகணம் கேட்டல் வேண்டும். அப்போதுதான் நான் முன்னே கூறிய நினைவுச்சின்னம் என்னும் சொல் பொருளுடையதாகும். இன்றேல் அது வெறும் பளபளப்பு.

பற்றின் அளவுகோல்

அவ்வாறாயின் சேர்ப்பது நன்றா, தீதா? பொருளைத் தொட்டாலே பற்று வரும் என்று அஞ்சி ஓடுவது அறிவுடைமை ஆகாது. எல்லாம் துறந்த பிக்குவுக்கும் எட்டுப் பொருள்கள் அனுமதிக்கப்பட்டன. அவற்றுள் மழிகத்தியும் ஒன்று. அது கூரியதாய் இருத்தல் வேண்டும், தூயதாய் இருத்தல் வேண்டும், பேணப்படுதல் வேண்டும். பேணுவது பற்றாகாது. எனது என்று இறுகப் பிடிப்பதே பற்று.

பேணுதலையும் பிடித்தலையும் எவ்வாறு வேறு பிரிப்பது? எனக்குத் தோன்றும் அளவுகோல்கள் மூன்று.

முதலாவது, அறிவு வளர்கின்றதா? ஒரு கத்தியைக் காட்டி, இஃது எந்த ஊரில் பிறந்தது, யார் செய்தனர், எதற்குப் பயன்பட்டது, அச்சாலை ஏன் மூடியது என்று கூறவல்லவன் கையில் சேகரிப்பு ஒரு பள்ளிக்கூடம். விலையை மட்டும் கூறவல்லவன் கையில் அது ஒரு கிடங்கு.

இரண்டாவது, உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு இருக்கின்றதா? தன் கத்தியில் பிடி மாறியிருப்பதைத் தானே கண்டறிந்து, வாங்க வந்தவனிடம் கேட்குமுன் சொல்லிவிடுபவன் பொருளுக்கு அடிமை அல்லன்.

மூன்றாவதே கடினமானது. கொடுக்க இயலுமா? அமெரிக்க மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கத்தியைப் பரிசாகப் பெறுபவர், கொடுத்தவருக்கு ஒரு செம்புக்காசேனும் திருப்பித் தருவர். இன்றேல் அக்கத்தி நட்பை அறுத்துவிடும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை மூடமாயினும் அதன் உட்கிடை இனியது. பொருள் கைமாறும்போது நட்பு அறக்கூடாது என்னும் கவலையே அது. தன் பெட்டியில் உள்ள நல்ல கத்தி ஒன்றை, ஆவலோடு பார்த்து நிற்கும் ஒரு சிறுவன் கையில், ஒரு காசு பெற்றுக்கொண்டு வைக்க எவனுக்கு மனம் வருகின்றதோ, அவன் ஆயிரம் கத்தி சேர்த்தாலும் எனக்குக் கவலை இல்லை. அம்மனம் வாராதவன் ஒரே கத்தி வைத்திருந்தாலும் அவன் நோயாளி.

பாட்டன் விட்டுச்சென்ற தேய்ந்த கத்தியைப் பற்றியும் இதே அளவுகோலால் கேட்கவேண்டும். எத்தனை டாலர் தந்தாலும் விற்கேன் என்று சொல்லும் பேரன், சந்தையை வென்றவன் என்பது உண்மை. ஆனால் அவனும் அதனைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் இட்டு, பிறர் கைபட்டால் பதறுவானாயின், விலைப்பற்று நீங்கி நினைவுப்பற்று ஏறிற்று என்றே சொல்லவேண்டும். இரண்டாவது கட்டு மென்மையானது, ஆயினும் கட்டே. பாட்டனுக்குச் செய்யும் மரியாதை, பாட்டன் செய்ததைச் செய்வது. கயிறு அறுக்கட்டும், கனி நறுக்கட்டும், மழுங்கினால் சாணை பிடிக்கட்டும். இன்னும் நாற்பது ஆண்டில் அலகு ஊசிபோல் மெலிந்து ஒடிந்துபோகுமாயின் போகட்டும். தன் வேலையை முடித்து முடிவெய்திய பொருளுக்கு இரங்குவதற்கு ஒன்றும் இல்லை.

சேர்ப்பவரும் ஒருநாள் போவர். அவர் பெட்டி திறக்கப்படும். கத்திகள் மேசைமேல் பரப்பப்பட்டு, வேறு கைகள் திறந்து மூடி, நடையும் பேச்சும் நோக்கும். எந்தக் கத்தியும் தன்னைச் சேர்த்தவனை நினைத்து ஓசை எழுப்பப்போவதில்லை. அவர் இருந்தபோது அவரிடம் கேட்டறிந்தவர், பெற்றுச் சென்றவர், அவர் வாய்மையால் ஏமாறாது தப்பியவர் மட்டுமே அவரை நினைப்பர்.

ஆதலின் அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் கத்தி இராது. வேறு ஏதேனும் இருக்கும். வெட்டாத கத்தி போல் வெளியே எடுக்காது வைத்திருக்கும் ஒன்று எல்லார் வீட்டிலும் உண்டு. அது எதற்காக அங்கே இருக்கின்றது என்று அதனைக் கேளாதீர்கள், உங்களைக் கேளுங்கள். விடை சொல்ல முடியுமாயின் அங்கேயே வைத்துப் பேணுங்கள். சொல்ல முடியாதாயின், அதனை வேண்டி நிற்பவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.